மண்ணுக்குள்ள கேமரா போகாது

விவசாயம் பண்றவனுக்கு எதுக்குங்க கீஃப்ரேம் அனிமேஷன் எல்லாம்? சென்னையில இருக்கற நண்பர்கள் ரெண்டு மூணு பேர் இதே கேள்விய வேற வேற விதமா கேட்டுட்டாங்க. ஒருத்தர் கொஞ்சம் மரியாதையா, "உங்களுக்கு நேரம் கிடைக்குதா?"ன்னார். இன்னொருத்தர் நேராவே போட்டு உடைச்சார். "களை எடுக்க ஆள் கிடைக்கலன்னு எழுதறீங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல பொம்மை ஓட்டறேன்னும் சொல்றீங்க." ரெண்டும் நியாயமான கேள்விதான். போன்ல சொன்ன பதில் எனக்கே போதல. அதான் இங்க எழுதறேன்.

என் கட்சிய முதல்லயே சொல்லிடறேன். வீடியோ எடுக்கத் தெரிஞ்சவன் இன்னிக்கு எங்க பக்கத்து கிராமங்கள்ல வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான். ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒண்ண வரைஞ்சு, நகர்த்தி, அடுத்தவனுக்குப் புரிய வைக்கத் தெரிஞ்சவன் ஊருக்கு ஒருத்தன் கூட இல்ல. விவசாயத்துல பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாமத்தான் நடக்குது. மண்ணுக்குள்ள நடக்குது, வாய்க்கால் தண்ணிக்குள்ள நடக்குது, மண்டிக்காரர் சிட்டைக்குள்ள நடக்குது. இதையெல்லாம் வெளிய காட்டணும்னா விவசாயியே இந்த வேலைய கத்துக்கணும். டவுன்ல இருக்கற எடிட்டர் கையில காசு கொடுத்து செய்யச் சொன்னா சரியா வராது. ஏன் வராதுன்னு மல்லாட்டைய வெச்சு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, இந்த கீஃப்ரேம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு நாலு வரி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

வீடியோங்கறது உண்மையில ஓடற படம் கிடையாது. நிக்கற படங்களோட அடுக்கு. செல்போன்ல எடுக்கறது வழக்கமா நொடிக்கு 30 படம், சினிமாவுக்கு 24. திரையில ஒரு அம்புக்குறி இடது ஓரத்துலேர்ந்து வலது ஓரத்துக்கு 2 நொடியில போகணும்னு வைங்க. 60 படத்துலயும் அந்த அம்பு கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கணும். 60 தடவை கையால தள்ளி வெச்சிக்கினு உட்கார முடியுமா? அதனால முதல் படத்துல 'இங்க இரு'ன்னு ஒரு குறி வைக்கறோம். கடைசிப் படத்துல 'அங்க போய் நில்லு'ன்னு ஒரு குறி. நடுவுல இருக்கற 58 படத்தையும் மெஷின் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்குது. அந்த ரெண்டு குறிதான் கீஃப்ரேம். பெரும்பாலான செயலிகள்ல சின்ன வைரக்கல் வடிவத்துல இருக்கும். இடத்துக்கு மட்டும் இல்ல, அளவு, சாய்வு, மங்கறது தெளியறதுன்னு எதுக்கு வேணும்னாலும் இப்படி குறி வைக்கலாம்.

தமிழ்ல இதுக்கு ஏதாவது சட்டகம் கிட்டகம்னு பேர் வெச்சிருப்பாங்க. நான் முளைக்குச்சின்னு சொல்றேன். புது வரப்பு போடறப்ப என்ன பண்றோம்? இந்த மூலையில ஒரு முளை, அந்த மூலையில ஒரு முளை அடிச்சு கயிறு இழுக்கறோம். நடுவுல கோடு தானா வந்துடுது. ஆனா கழனி நடுவுல வளைஞ்சு போவுதுன்னா ரெண்டு முளை பத்தாது. வளையற இடத்துல இன்னொரு முளை அடிச்சாகணும். அடிக்கலன்னா கயிறு பக்கத்து கழனிக்காரன் நெலத்துல பூந்து போவும், அப்புறம் பஞ்சாயத்துதான். கீஃப்ரேம்ல இருக்கற மொத்த சூட்சுமமும் இந்த மூணாவது முளைதான். எங்க வளையுதுன்னு மெஷினுக்குத் தெரியாது. நெலத்துல நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இந்த வேலை கம்ப்யூட்டருக்கெல்லாம் முந்தினது. வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவுல கைதேர்ந்த ஓவியர் முக்கியமான நிலைகள மட்டும் வரைவார். நடுவுல வர்ற படங்கள வரையறதுக்குன்னே தனி ஆளுங்க இருந்தாங்க. 1937ல வந்த ஸ்னோ ஒயிட் அப்படி வரைஞ்ச படம். அந்தப் படத்துல வேலை செஞ்ச கிளேர் வீக்ஸ்ங்கறவர் 1956ல பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்ம ஆளுங்களுக்கு சொல்லிக் கொடுத்தார். அப்படி கத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர்தான் பின்னாடி இந்திய அனிமேஷனுக்கு அப்பான்னு பேர் வாங்கின ராம் மோகன். நடுப்படங்கள கம்ப்யூட்டரே போடட்டும்னு செஞ்சு காட்டினது கனடாவுல. ஒட்டாவா தேசிய ஆராய்ச்சி மன்றத்துல இருந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் ரெண்டு பேரும் எழுதின மென்பொருள வெச்சு பீட்டர் ஃபோல்டஸ் 1974ல ஒரு குறும்படம் எடுத்தார். படத்தோட பேரு 'ஹங்கர்', அதாவது பசி. தின்னுக்கிட்டே பெருத்துப் போற ஒருத்தன கடைசியில பசியில கெடக்கறவங்க சேர்ந்து தின்னுடற கதை. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டதும் முதல் வேலையா சோத்தப் பத்தித்தான் பேசியிருக்கு பாருங்க. அந்த ரெண்டு பேருக்கும் 1997ல ஆஸ்கர் அமைப்போட தொழில்நுட்ப விருது கெடைச்சுது.

நம்ம பக்கமும் சும்மா இல்ல. 1989ல ராஜா சின்ன ரோஜாவுல ரஜினி கூட கார்ட்டூன் மிருகங்க ஆடிப்பாடினத எங்க வயசு ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். 2000த்துல சென்னை பென்டாமீடியா கம்பெனி சிந்துபாத் கதைய முழுநீள கம்ப்யூட்டர் அனிமேஷன் படமாவே எடுத்துச்சு. அதுல நடிகர்களோட அசைவையே கருவி வெச்சு பிடிச்சு பொம்மைக்குக் கொடுத்தாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு நகர்றேன். டிஸ்னி காலத்துல நடுப்படம் வரைஞ்சவங்க பேரு எங்கயும் பெருசா வரல. நடவு நட்ட பொம்பளைங்க பேரு அரிசி மூட்டையில வருதா என்ன.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். கீழ்பென்னாத்தூர் தெரியாதவங்களுக்கு, திருவண்ணாமலையிலேர்ந்து செஞ்சி, திண்டிவனம் போற ரோட்டுல 20 கிலோமீட்டர் போல வந்தா வரும். தாலுகா ஆபீஸ் இருக்கற பேரூராட்சி. எங்களுது அதை ஒட்டின ஒரு சின்ன கிராமம். இங்க ஏற்கனவே கீஃப்ரேம் இருக்கு. யாரும் அப்படிச் சொல்றதில்ல, அவ்வளவுதான். மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகை இப்பல்லாம் வாட்ஸ்அப்ல வீடியோவா வருது. பொண்ணு போட்டோ கீழேர்ந்து எழும்பி வரும், பூ உதிரும், தாய்மாமன் பேரு பக்கவாட்டுல சறுக்கிக்கினு வந்து நிக்கும். அதெல்லாம் முளைக்குச்சி வேலைதான். காது குத்து, கூழ் வார்த்தல், கட்சிக்காரர் பிறந்த நாள், எல்லாத்துக்கும் உண்டு. ஊர்ல ஒருத்தர் காலமாயிட்டார்னா அடக்கம் பண்றதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி வீடியோ வந்துடுது. போட்டோவுல இருக்கறவர் மெதுவா பெருசாயிக்கினே வருவார், பின்னாடி மேகம் நகரும், ஒரு விளக்கு எரியும்.

இதை நக்கல் பண்ற ஆளு நான் இல்ல. பட்டணத்துல இருக்கற பெரிய எடிட்டருங்க இந்த வீடியோவப் பார்த்து சிரிக்கலாம். போன வருஷம் எங்க தெருவுல ஒரு பெரியம்மா தவறினப்ப, அவங்களுக்குன்னு இருந்தது ஆதார் அட்டைக்கு எடுத்த ஒரே போட்டோ. அதை ஒரு பையன் ராத்திரி உட்கார்ந்து சுத்தம் பண்ணி, நிறம் கொடுத்து, மெதுவா கிட்ட வர்ற மாதிரி பண்ணியிருந்தான். துபாயில இருக்கற மவன் அதைத்தான் திரும்பத் திரும்ப போட்டுப் பார்த்தானாம். அந்தப் பையன் வாங்கினது முந்நூறு ரூபா. அந்தக் காசுக்கு அந்த வேலை பெருசு.

என் வருத்தம் வேற. செய்யாறு சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் ஏறப் போறதுக்கு முன்னாடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல இவ்வளவு நுணுக்கமா வேலை செய்யற பசங்க, தன் அப்பன் கழனியில நடக்கறத ஒரு தடவை கூட இந்தக் கையால செஞ்சு பார்த்ததில்ல. பொண்ணு வீட்டு பத்திரிகைக்கு போடற நுணுக்கத்த மல்லாட்டைக்கு போட்டா என்னன்னு யாருக்கும் தோணல. எங்க அண்ணன் மவன் கிட்ட சொன்னேன். "மல்லாட்டைய யாரு சித்தப்பா பாப்பாங்க?"ன்னான்.

யாரு பாப்பாங்கன்னு சொல்றேன். முதல்ல அவனே பாக்கணும்.

மல்லாட்டைன்னா உங்க ஊரு நிலக்கடலை. எங்க பக்கம் மணிலான்னும் சொல்வோம். எங்க ரோட்டுக் கடைசியில இருக்கற திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. 7ன்னு ஒரு ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த டி.எம்.வி. திண்டிவனத்தக் குறிக்கறதுதான். அவ்வளவு பக்கத்துல ஆராய்ச்சி நிலையம் இருந்தும், ஜிப்சம் எப்ப போடணும், ஏன் போடணும்ங்கறது எங்க பக்கம் பாதிப் பேருக்கு மனசுல ஏறல. விதைக்கறப்பவே அள்ளிக் கொட்டறவங்க உண்டு. போடாமலே விடறவங்க உண்டு. பொக்குக் காயா வந்ததும் விதைக்காரன திட்டறது.

விஷயம் இதுதான். மல்லாட்டை மேல பூத்து கீழ காய்க்கற செடி. விதைச்சு 25, 30 நாள்ல மஞ்சப் பூ வரும். பூ வாடினதும் அதுக்கடியிலேர்ந்து ஊசி மாதிரி ஒரு விழுது கெளம்பும். ஒரு வாரம் பத்து நாள்ல மண்ணுக்குள்ள எறங்கும். நாலஞ்சு சென்டிமீட்டர் எறங்கினப்புறம் நுனி படுத்துக்கும், அதாவது கெடைமட்டமா திரும்பும். அப்புறம்தான் ஊதி காயாவும். வெளிச்சத்துல காய் ஊதாது, இருட்டு வேணும். மண் இறுகிக் கெடந்தா விழுது எறங்கவே எறங்காது. மண் அணைக்கறது எதுக்குன்னா இதுக்குத்தான்.

இதுல யாரும் சொல்லித் தராத ஒரு சங்கதி இருக்கு. செடி தனக்கு வேணும்கற சுண்ணாம்புச் சத்த வேர் வழியா எடுத்துக்குது, சரி. ஆனா மண்ணுக்குள்ள ஊதற காய்க்கு அது போய்ச் சேரறதில்ல. சுண்ணாம்புச் சத்து தண்ணியோட மேல ஏறி இலைக்குப் போவுமே தவிர, இலையிலேர்ந்து கீழ எறங்கி காய்க்கு வராது. அதனால காய் தன்னைச் சுத்தி இருக்கற மண்லேர்ந்து தானே நேரா உறிஞ்சிக்குது. அதாவது, மல்லாட்டைக் காய்க்கு வாய் தனி. ஜிப்சத்த வேருக்குப் போடல, அந்த வாய்க்குப் போடறோம். அதான் விழுது எறங்கற சமயத்துல, 40லேர்ந்து 45 நாளுக்குள்ள, செடியோட அடியில போட்டு மண் அணைக்கச் சொல்றாங்க. எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ.

இப்ப சொல்லுங்க, இதை எந்த கேமராவுல எடுப்பீங்க? செடியப் புடுங்கிக் காட்டலாம், ஆனா புடுங்கினா அது செத்த செடி. விழுது எறங்கறது தெரியாது, திரும்பறது தெரியாது, காய் உறிஞ்சறது தெரியவே தெரியாது. வாயால சொன்னா, "ஆமாமா"ன்னுட்டு போயிடுவாங்க. இந்த இடத்துலதான் எனக்கு கீஃப்ரேம் தேவைப்பட்டுது.

40 நொடி வீடியோ ஒண்ணு செஞ்சேன். மண்ணுக்கு மேல பாதி, கீழ பாதி. செடிய போட்டோ எடுத்து பின்னணிய வெட்டி எடுத்தாச்சு. விழுத ஒரு கோடா வரைஞ்சேன். மேல ஒரு முளை, மண்ணுக்குள்ள ஒரு முளை, ஓட்டிப் பார்த்தா ஈட்டி எறிஞ்ச மாதிரி சர்ருன்னு நேரா குத்துது. மெஷின் கணக்குக்கு அது சரி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடுதானே சுருக்கு வழி. ஆனா விழுது அப்படி எறங்காது. முதல்ல தயங்கும், காத்துல இருக்கறப்ப மெதுவா கீழ பார்த்து வளையும், மண்ண தொட்டப்புறம் முட்டி முட்டி எறங்கும், கடைசியில படுக்கும். அப்ப எத்தனை முளை வேணும்? ஏழு வெச்சேன். வேகம் கூடறது குறையறதுக்கு ஒரு வளைகோட்டுப் படம் வரும், அதை ஈஸ்னு சொல்றாங்க. "கர்வ் போடு சித்தப்பா, நல்லா ஸ்மூத்தா வரும்"னான் அண்ணன் மவன். எல்லா இடத்துலயும் ஸ்மூத்தா வரக்கூடாதுடா, மண்ணு மேல முட்டற எடத்துல நிக்கணும்டான்னேன். அந்த எடத்துல அசையாம நிக்க வைக்கறதுக்கு ஹோல்டுன்னு ஒண்ணு இருக்கு. அதைத் தேடிக் கண்டுபுடிச்சுக் கொடுத்தவன் அவன்தான். அப்புறம், "இறுகின மண்ணுல எறங்காம மேலயே காஞ்சு போற மாதிரி பக்கத்துல இன்னொரு விழுது வெக்கலாமா?"ன்னு அவனே கேட்டான். மல்லாட்டைய யாரு பாப்பாங்கன்னு கேட்ட அதே பையன்.

டவுன் எடிட்டர் கிட்ட கொடுத்தா ஏன் சரியா வராதுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். அவர் என்னைவிட பத்து மடங்கு அழகா செய்வார். ஆனா முளைய எங்க அடிக்கணும்னு அவருக்குத் தெரியாது. நான் பக்கத்துலயே உட்கார்ந்து சொல்லணும், அவர் மணிக்கணக்குக்கு காசு கேப்பார். செயலிய கத்துக்கறதுக்கு ரெண்டு மாசம் போதும். மல்லாட்டை எப்படி எறங்குதுன்னு கத்துக்க ரெண்டு மாசம் போதாது. சுலபமா கத்துக்கக் கூடியத யாரு கத்துக்கறது லாபம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். நகரத்துல இருக்கறவங்க முக்கியமா படிக்கணும்.

நீங்க செல்போன்ல பாக்கற விவசாய வீடியோ முக்காவாசி ரெண்டே ரெண்டு முளை அடிச்ச வீடியோ. முதல் முளை, ஐ.டி. வேலைய விட்டுட்டு வந்தேன். கடைசி முளை, ஏக்கருக்கு இத்தனை லட்சம் லாபம். நடுவுல இருக்கறத யாரு நிரப்பறாங்க? பாக்கற நீங்கதான். உங்க மனசு மெஷின் மாதிரி நேர்கோடு போட்டுக்குது. விதைச்சான், வளர்ந்துது, வித்தான். நடுவுல மோட்டார் காயில் போனது, காட்டுப்பன்னி பூந்தது, அறுப்புக்கு ஆள் வராம நாலு நாள் தள்ளிப் போனது, அந்த நாலாம் நாள் மழை வந்தது எதுவும் அந்தக் கோட்டுல இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. மறுநாள் திருவண்ணாமலையில மலை சரிஞ்சு வீட்டு மேல விழுந்து ஏழு பேர் போயிட்டாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. அதே மழையில இந்தப் பக்கம் கழனியெல்லாம் ஏரி மாதிரி நின்னுது, அது டிவியில அவ்வளவா வரல. அந்த ஒரு ராத்திரிய எந்த வளைகோட்டுல போடுவீங்க?

எங்க சொந்தத்துல ஒரு பையன், பேரு வேணாம், சென்னையில மாசச் சம்பளத்துல இருந்தவன், இப்படிப்பட்ட வீடியோக்கள நம்பி வந்து ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தான். சாமந்தி போட்டான். முதல் பறிப்பு நல்ல விலை. அதைப் பார்த்துட்டு கடன் வாங்கி சொட்டுநீர் போட்டான். அடுத்தடுத்த பறிப்புக்கு கிலோ விலை பறிப்புக் கூலிக்கு கூட கட்டல. பூவ செடியிலயே விட்டான். இப்ப திரும்ப ஒரகடம் பக்கம் வேலைக்குப் போயிட்டான். கடன் மட்டும் இங்க இருக்கு. அவன் பார்த்த வீடியோவுல பொய் ஒண்ணும் இல்ல, அந்த விவசாயிக்கு அந்தப் பருவத்துல அந்த லாபம் வந்தது நிஜமாவே இருக்கலாம். ரெண்டு முளையும் உண்மை. நடுவுல இழுத்த கயிறுதான் பொய்.

அதனாலயே சொல்றேன், ஒரு பூ விலை எப்படி ஏறி எறங்குதுன்னு 90 நாளைக்கு தினம் ஒரு முளை வெச்சு ஒரு கோட்ட ஓட்டிக் காட்டணும். எடுப்பா எதுவும் வேணாம். ஒரே ஒரு கோடு, தேதி, கிலோ விலை. ஆடிக்கு விழறதும், ஆயுத பூஜைக்கு எகிறறதும், மறுநாளே குப்புற கவுறறதும் 30 நொடியில தெரிஞ்சுடும். குத்தகைக்கு வர்ற பையன் அதை ஒரு தடவை பார்த்துட்டு வந்தான்னா போதும். பூ மார்க்கெட் சிட்டைய நானும் இன்னும் ரெண்டு பேரும் எழுதி வெச்சிக்கினு வர்றோம். தை கழிஞ்சதும் செய்யணும்.

சிலர் கேப்பாங்க, அனிமேஷன் இல்லாமலே கிராமத்து வீடியோ உலகம் முழுக்க ஓடுதேன்னு. ஓடுது, மறுக்கல. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துல 2018ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல ஒரு கோடி சந்தாதாரர தொட்டுது. அதுல இந்த மினுக்கு வேலையெல்லாம் பெருசா கிடையாது. அருவா வெட்டற சத்தம், எண்ணெய் பொரியற சத்தம், பெரியவர் குரல். அடுப்பு கண்ணுக்குத் தெரியற விஷயம். அதுக்கு எதுக்கு அனிமேஷன்? அவங்க அதைப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. கீஃப்ரேம் கத்துக்கிட்ட புதுசுல எல்லாத்தையும் ஆட்டிப் பாக்கணும்னு கை அரிக்கும். எழுத்து குதிக்கும், மாடு பெருசாகி சின்னதாவும், ஒவ்வொரு வெட்டுக்கும் திரை நடுங்கும். பாக்கறவனுக்கு தலை சுத்தல்தான் மிச்சம். கண்ணால பாக்க முடியறத ஆட்டாத. கண்ணால பாக்க முடியாதத மட்டும் ஆட்டு. நான் அண்ணன் மவனுக்கு போட்டிருக்கற ஒரே சட்டம் இது.

பெங்களூர்ல 2006ல ஆராய்ச்சியா ஆரம்பிச்ச டிஜிட்டல் க்ரீன்னு ஒரு அமைப்பு இருக்கு. விவசாயிய வெச்சே விவசாயிக்கு வீடியோ எடுக்கறவங்க. அவங்க கவனிச்ச ஒண்ண நானும் இங்க பார்த்திருக்கேன். வீடியோ போட்டதும் ஜனங்க கேக்கற முதல் கேள்வி உரத்தப் பத்தி இல்ல. "அதுல இருக்கறவர் பேரென்ன, எந்த ஊரு?" தெரிஞ்ச ஊரா இருந்தா நம்பிக்கை. என் மல்லாட்டை வீடியோவுல மண்ணுக்கு மேல இருக்கற பாதி எங்க கழனி. பின்னாடி அண்ணாமலை மலை கூட மங்கலா தெரியும். வேணும்னுதான் வெச்சேன்.

கத்துக்கறது கஷ்டமான்னு கேட்டீங்கன்னா, செயலி கஷ்டமில்ல, அதைச் சொல்லித்தர்ற விதம்தான் கஷ்டம். திருவண்ணாமலையில ஒரு தனியார் பயிற்சி மையத்துல விசாரிச்சேன். மூணு மாசத்துக்கு அவங்க கேட்ட தொகையில ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம். பாடத்திட்டத்தப் பார்த்தா கல்யாண வீடியோ டெம்ப்ளேட் எப்படி மாத்தறதுன்னுதான் இருந்துது. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். செல்போன் செயலியில ஒரு மாசம் பழகினேன். அப்புறம் அண்ணன் மவளுக்கு பிளஸ் டூவுல அரசாங்கம் கொடுத்த லேப்டாப். டாவின்சி ரிசால்வ் இலவசமா கிடைக்குது, நல்ல மென்பொருள்தான், ஆனா அந்த லேப்டாப் அதைத் தாங்காது. கேடென்லைவ், ஷாட்கட் ரெண்டும் இலவசம், திணறிக்கினாவது ஓடும். முப்பரிமாணத்துல செய்யணும்னா பிளெண்டர் இருக்கு, அதுவும் இலவசம். 2025ல ஆஸ்கர் வாங்கின ஃப்ளோங்கற லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் முழுக்க பிளெண்டர்ல செஞ்சது. காசு இல்லங்கறது இனிமே சாக்கு கிடையாது. ராத்திரி மும்முனை கரண்ட் வர்ற நேரத்துல மோட்டார போட்டுட்டு, மோட்டார் கொட்டாயிலயே லேப்டாப்ப வெச்சிக்கினு வேலை பார்ப்பேன். நண்பர் கேட்ட நேரம் அங்கதான் கெடைக்குது. தண்ணி பாயற நேரம் சும்மா இருக்கற நேரம்தானே.

மொழிதான் பெரிய தடை. பட்டன்ல எழுதியிருக்கறது எல்லாம் இங்கிலீஷ். 'ஒபாசிட்டி'ன்னா மங்கலா தெளிவாங்கறதுன்னு யாராவது ஒரு தடவை சொன்னா போதும், சொல்ல ஆள் இல்ல. அரசுப் பள்ளிகள்ல ஹைடெக் லேப் வெச்சிருக்காங்க. சில மேல்நிலைப் பள்ளிகள்ல வேளாண் அறிவியல் தொழிற்பிரிவும் இருக்கு. இந்த ரெண்டையும் ஒண்ணா சேர்த்து, ஒவ்வொரு பையனும் பொண்ணும் தன் ஊர்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்த ஒரு நிமிஷம் அசைய வெச்சுக் காட்டணும்னு ஒரு செய்முறை வெச்சா என்ன குறைஞ்சு போவுது? கெணத்து ஊத்து எங்கேர்ந்து வருது, நெல்லுல குருத்துப்பூச்சி தண்டுக்குள்ள எப்படிப் பூருது, பால் லிட்டருக்கு நமக்கு எவ்வளவு, கடையில எவ்வளவு. தேர்வுக்கு மனப்பாடம் பண்றத விட இது மனசுல நிக்கும்னு என் எண்ணம். ஆசிரியருங்க யாராவது படிச்சீங்கன்னா சொல்லுங்க, என்னால ஆனத வந்து சொல்லித் தர்றேன். காசு வேணாம், மதியச் சோறு போதும்.

இப்ப கையில இருக்கறது வேற வேலை. எங்க ஏரிக்கு வர்ற வரத்து வாய்க்கால். புயல் மழைக்கு அது உடைச்சிக்கினு காலனி வீடுங்களுக்குள்ள பூந்துது. வாய்க்கால் பல இடத்துல சுருங்கிப் போனதுதான் காரணம்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா கிராம சபையில எந்திரிச்சு வாயால பேசினா, "யாரைச் சொல்ற, என்னையா?"ன்னு சண்டையாத்தான் முடியுது. அதனால மேலேர்ந்து பாக்கற மாதிரி வரைபடம் ஒண்ணு போட்டு, தண்ணிய நீலக் கோடா ஓட விட்டு, எங்கெங்க அகலம் எவ்வளவு, எங்க முட்டுது, எந்த வீட்டுப் பக்கம் திரும்புதுன்னு ஒண்ணரை நிமிஷத்துல காட்டப் போறேன். யார் பேரும் இருக்காது. தண்ணி மட்டும் ஓடும். ஜனவரி 26 சபையில பள்ளிக்கூடத்து ப்ரொஜெக்டர கேட்டிருக்கோம், தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

பதினோரு இடத்துல முளை வைக்கணும். எட்டு இடத்துக்கு அகலம் அளந்தாச்சு. மூணு பாக்கி. அதுல ஒண்ணு எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டாய ஒட்டி இருக்கு. நாளைக்கு காலையில டேப்ப எடுத்துக்கினு அங்கதான் போவணும்.